கண்டெடுத்தவர் பெயர்

மழை விட்டு இரண்டு நாள் கழித்து வயலில் இறங்குவதுதான் நல்லது. ஈரம் ஊறிய மண்ணில் உலோகம் தேடும் கருவிக்குக் காது கூர்மை. காய்ந்த மண்ணில் இரண்டு அங்குல ஆழம் கேட்காமலே போய்விடும். இந்தச் சின்ன விஷயத்தை எங்கள் சங்கத்தாருக்குப் பதினாறு வருஷமாகச் சொல்லிவந்தேன். ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் போதும். மடக்கு நாற்காலி, பிளாஸ்க்கில் டீ, சாசேஜ் ரோல், முதுகில் ஏதாவது அசட்டு வாசகம் அச்சடித்த பனியன். கிளம்பிவிடுவார்கள்.

டீக்கு நன்றி. வக்கீல் வேண்டாம். நானாகத்தான் வந்திருக்கிறேன், யாரும் கூப்பிடவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளும் வேகத்துக்குத் தக்கபடி நிறுத்திச் சொல்கிறேன்.

என் பெயர் கிரஹாம் அட்டிங். வயது அறுபத்தெட்டு. நார்ஃபோக்கில் முப்பத்து நான்கு வருஷம் நில வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். லிங்ஃபோர்டு உலோகம் தேடுவோர் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்தில் என்னோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். அதில் வரைபடம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். மற்றவர்கள் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலில் நடப்பவர்கள். நாள் முழுக்க நடந்தால் பீர் டப்பா வளையம், தோட்டா மூடி, டிராக்டரிலிருந்து கழன்ற ஆணி, முகம் தேய்ந்த ஒரு பென்னி கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் ‘இந்த நாளின் சிறந்த பொருள்’ என்று ஒரு பரிசு உண்டு. பெல்ட் கொக்கிக்கெல்லாம் கை தட்டியிருக்கிறோம்.

டெரி கேட்ச்போல் எங்களோடு சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஐம்பத்தேழு வயது. ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, பெரிய குரல். தன் கருவிக்கு ‘மாமியா’ என்று பெயர் வைத்திருந்தான். ஏன் என்று யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருப்பான். புதிதாக யார் வந்தாலும் கேட்பார்கள்.

“எதக் கண்டாலும் கத்துறா, ஒண்ணும் உருப்படியா சொல்ல மாட்டேங்குறா. வேற என்ன பேரு வெக்கிறது?”

ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரே நகைச்சுவைக்கு நாற்பது தடவை சிரிக்கக்கூடிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அந்தச் சங்கத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

டட்லி லார்ட்டருடைய வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாலு ஏக்கர், கோதுமை போடுவார். தேவாலய வரி வசூலுக்காக 1840இல் வரைந்த வரைபடம் ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அதில் அந்த வயலின் வடகோடியில், வேலிக்கு அருகில், பென்சில் முனையளவு ஒரு வட்டம். இப்போதைய வரைபடம் எதிலும் அது கிடையாது. பார்த்தவர்கள் மைத்துளி என்றார்கள். நான் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஒரு மேடு. பழைய சாக்சன் காலத்துக் கல்லறை மேடு. நூற்றெண்பது வருஷ உழவில் தரையோடு தரையாகிவிட்டது. அடியில் இருப்பவர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

பதினொரு வருஷம் லார்ட்டரிடம் அனுமதி கேட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பாட்டில் விஸ்கி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் “அடுத்த வருஷம் பாப்போம் கிரஹாம்.” கடைசியில் தேவாலயக் கூரை நிதிக்குப் பணம் திரட்டித் தருவதாக இருந்தால் சங்கம் முழுக்க ஒரு நாள் வரலாம் என்று சொன்னார். எனக்கு மட்டும் இல்லை. சங்கம் முழுக்க. நான் ஒத்துக்கொண்டேன். வேறு வழி இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு. அறுவடை முடிந்து கோதுமைத் தாள்கள் நின்ற வயல். நான் புதன்கிழமையே போய், வாசல் கதவிலிருந்து வடவேலி வரைக்கும் இருபத்திரண்டு பட்டைகளாக நாடா கட்டி அளந்து வைத்துவிட்டேன். ஆளுக்கு ஒரு பட்டை. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பது சங்கத்து விதி. அந்த வட்டம் மூன்றாவது பட்டையின் கடைசியில் வந்தது.

சீட்டில் நான் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. செய்திருக்கலாம், தொப்பி என்னுடையது. செய்யவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், என் குணம் தெரிய இது உதவும். நான்காவது பட்டை எனக்கு வந்தது. மூன்றாவது டெரிக்கு.

லார்ட்டர் டிராக்டர் மேலிருந்து இறங்காமலே பேசினார். “ஒரு நாள்தான். குழியெல்லாம் மூடணும். கேட்டத் தெறந்து போட்டுட்டுப் போனீங்க, அப்புறம் ஒருத்தரையும் உள்ள விட மாட்டேன்.”

“எங்க மாமியா தோண்டினா மூடிட்டுத்தான் வருவா சார்,” என்றான் டெரி. சிரித்தார்கள். லார்ட்டரும் சிரித்தார்.

நான் டெரியிடம் தனியாகப் போய் மரியாதையாகத்தான் கேட்டேன்.

“டெரி, மூணாவது பட்ட முடிவுல தரை கொஞ்சம் ஏத்தமா இருக்கு. உங்க முழங்காலுக்கு ஆகாது. என்னோடத எடுத்துக்குங்களேன்.”

“அட, எனக்கு என்ன தலைவரே. அந்தக் கோடில வேலி நெழலு இருக்கு. நடந்து போயி அங்க ஒக்காந்து சாண்ட்விச் சாப்புடலாம்னு பாக்குறேன்.” பிறகு என் தோளில் தட்டினான். “உங்களுக்கு எவ்ளோ நல்ல மனசு.”

பதினொரு வருஷத்தை ஒரு சாண்ட்விச்சுக்காக மறுத்தான். அவனுக்கு அது தெரியாது என்பீர்கள். தெரியாமல் இருப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன். நல்ல மனிதன் என்று எல்லோரும் சொன்னார்கள், இன்னமும் சொல்கிறார்கள். ஒன்றும் தெரியாமல், ஒன்றையும் படிக்காமல், எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டினால் அந்தப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். நான் என் பட்டையில் மெதுவாகப் போனேன். டெரி இருபதடி தள்ளி எனக்கு முன்னால், கருவியை விளக்குமாறு மாதிரி வீசிக்கொண்டு போனான். அப்படி வீசினால் எதுவும் கேட்காது. இதையும் பலமுறை சொல்லியிருக்கிறேன். பதினொன்று இருபதுக்கு, மற்றவர்கள் களஞ்சியத்து மறைவில் டீக்குப் போயிருந்தபோது, அவன் வடவேலியிலிருந்து கையை ஆட்டினான்.

“தலைவரே, ஓடி வாங்க. மாமியா மொத மொறையா ஒரு உருப்படியான வார்த்த சொல்லிட்டா.”

நான் போனபோது அது ஏற்கெனவே அவன் உள்ளங்கையில் இருந்தது.

ஒரு பிஸ்கட் அளவு. பொன். சிலந்தி வலையை எண்ணி எண்ணி இழுத்தது போன்ற தங்க இழைகள், அவற்றுக்கு நடுவே கருஞ்சிவப்புக் கற்கள், நடுவில் ஒரு சிலுவை. மேலே நூல் கோக்க ஒரு வளையம். ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துப் புதைத்தது. நான் மியூசியக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே பார்த்திருந்த ஜாதி. அது என் வட்டத்திலிருந்து, என் மேட்டிலிருந்து வந்திருந்தது. அதை டெரி பெருவிரலில் எச்சில் தொட்டு, கல்லின் மேலே தேய்த்தான்.

“என்னா மினுக்கு மினுக்குது பாருங்க. இது நெசமாவே பழசா, இல்ல நாடகக்காரங்க யாராச்சும் போட்டுட்டுப் போனதா?”

“ஆயிரத்து முந்நூறு வருஷம்,” என்றேன்.

“அப்ப கேரவன் உண்டு. ஜேனிஸ் பத்து வருஷமா கேக்குறா, கடலோரமா நிறுத்தி லீவுக்குத் தங்க ஒரு கேரவன் வேணும்னு.” அவன் கண் கலங்கிவிட்டது. கேரவனுக்காக.

“இதுக்கு மேல தோண்டாதீங்க டெரி. கீழ ஆள் இருக்கு. இது கல்லறை.”

“ஆளா?” குழிக்குள் எட்டிப் பார்த்தான். “அம்மா, எழுந்துறாதீங்க. எழுந்தா ஒரு டீ குடுத்துருவோம்.”

நான் சிரிக்கவில்லை. அவன் அந்தப் பதக்கத்தை என் கையில் கொடுத்தான், “பத்திரமா புடிங்க” என்று. பிறகு இன்னும் ஏதாவது இருக்கும் என்று வேலிக் கரையைப் பார்த்துத் திரும்பி, சிறிய மண்வெட்டியை ஓங்கிக் குத்தினான். வேலிக் கரையின் அடியில் குளவிக் கூடு இருந்தது.

குளவிகள் கோபமாக வந்தன என்று எழுத வேண்டாம். அவற்றுக்குக் கோபம் கிடையாது. வீட்டை உடைத்தவனைக் கொட்டின, அவ்வளவுதான். எனக்கும் இரண்டு கொட்டு விழுந்தது. எனக்கு அது அரிப்போடு சரி. டெரிக்குக் கழுத்தில், காதில், கை முழுக்க. அவன் பத்து அடி ஓடி முழங்காலில் உட்கார்ந்தான்.

டெரிக்குக் குளவி ஆகாது. சங்கத்தில் சேரும்போது உடல்நலப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். என் அலமாரியில்தான் இருக்கிறது. டெரி அதில், ‘குளவி கொட்டினா ஆளு காலி. ஊசி பையில இருக்கு’ என்று கோணல் கையெழுத்தில் எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தான். அரசாங்கத்துக்குப் போகக்கூடிய படிவத்தில் சிரிக்கும் முகம்.

“பையி,” என்றான். “தலைவரே, பையி. முன்னாடி ஜிப்புல. மஞ்சக் குழா.”

பை குழியின் விளிம்பில் கிடந்தது. அதன் எடையில் மண் சரிந்துகொண்டிருந்தது. எந்த அகழ்வாராய்ச்சியாளரைக் கேட்டாலும் சொல்வார், விளிம்பில் எடை வைக்கக்கூடாது. நான் பையை எடுத்து அப்பால் வைத்தேன். முன் ஜிப்பைத் திறந்தேன். மஞ்சள் குழாய், அதுதான் ஊசி, பேனா மாதிரி இருக்கும், தொடையில் அழுத்தினால் போதும். அதை எடுத்தேன். என் கையில் தோண்டும் கையுறை இருந்தது. குழாயை என் மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“இதுல இல்லியே டெரி,” என்றேன். “நான் போயி ஆளக் கூட்டிட்டு வரேன். படுத்துக்குங்க, அலட்டிக்காதீங்க.”

அவன் தலையை ஆட்டினான். முகம் வீங்க ஆரம்பித்திருந்தது. “சீக்கிரம்,” என்றான். கொஞ்சம் கழித்து, “தேங்க்ஸ் தலைவரே” என்றும் சொன்னான். இதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஒன்றையும் மறைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

முதலில் குழியைக் கவனித்தேன். பதக்கத்தைத் துடைக்கவில்லை, அவன் எச்சில் காயட்டும் என்று விட்டு, இருந்த ஆழத்திலேயே படுக்க வைத்தேன். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டேன், கீழ்மண் கீழே, மேல்மண் மேலே. தாள்களை எடுத்துப் பரப்பினேன். அவசரப்பட்டால் இந்த மாதிரி வேலை கெட்டுவிடும். டெரி கொஞ்ச நேரம் சத்தமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கம் நான் முதுகு காட்டியிருந்தேன்.

பிறகு நடந்தேன். என் வயதில் ஓட முடியாது. வேலியோரமாகக் களஞ்சியத்துக்குப் பின்னால் போனால் கார்கள் நிறுத்திய இடம் வரும். யாரும் பார்க்க மாட்டார்கள். டெரியின் வேன் பூட்டியிருக்கவில்லை, அவன் ஒருநாளும் பூட்டியதில்லை. முன் இருக்கையில், சாண்ட்விச் டப்பாவுக்குப் பக்கத்தில், அந்தக் குழாயை வைத்தேன். அங்கிருந்து டீ மேஜைக்கு வந்தேன். மாய்ரா அங்கே இருந்தாள். ரிட்டையரான நர்ஸ், எங்கள் சங்கத்தில் ஒரே பிரயோஜனமான ஆள்.

“டெரிக்கு ஒடம்பு சரியில்ல. குளவி கொட்டிருச்சுன்னு நெனைக்கிறேன்,” என்றேன்.

எழுபது வயதுக்காரி மான் மாதிரி ஓடினாள். மணி பதினொன்று நாற்பத்தேழு. குளவி கொட்டியபோது பதினொன்று இருபத்தெட்டு. பத்தொன்பது நிமிஷம். நேரம் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

மாய்ரா பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினாள். “ஊசி எங்க? கிரஹாம், ஊசி எங்க வெச்சிருப்பான்?” என்று கத்தினாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. லார்ட்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஆண்கள் சிலர் அழுதார்கள். சாசேஜ் ரோல்கள் அப்படியே கிடந்தன. நான்தான் எடுத்து மூடி வைத்தேன்.

ஊசி வேனில் இருப்பதை உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர்தான் கண்டுபிடித்தார். “ஐயோ, இருநூறு கஜத்துல இருந்திருக்கு,” என்று மாய்ரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், கார்லயே மறந்து வச்சிட்டான் என்று ஒருவர் சொன்னார். அதோடு அது உண்மையாகிவிட்டது. மனிதர்களுக்கு ஒரு வாக்கியம் போதும். அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள். உங்கள் இலாகாவும்தான், தப்பாக நினைக்காதீர்கள். சங்கச் செயலாளரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வருகைப் பட்டியல் மட்டும் கேட்டீர்கள், கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஜேனிஸைப் பார்க்கப் போனேன். அது என் கடமை. எலுமிச்சை கேக் செய்திருந்தாள். கணவன் செத்த வீட்டில் கேக் ஏன் என்று புரியவில்லை. கொஞ்சம் வறட்சியாக இருந்தது, ஆனாலும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

“நான்தான் கிரஹாம்,” என்றாள். “வெள்ளிக்கெழம அவரு பைய நான்தான் தொவைச்சேன். ஒரே சேறு. உள்ள இருந்ததெல்லாம் எடுத்து சமையக்கட்டு மேடையில வெச்சேன். திருப்பி வெக்கும்போது ஊசிய வெச்சேனான்னு எனக்கு நெனப்பே வரல. வெச்ச மாதிரிதான் இருக்கு. ஜிப்ப இழுத்த மாதிரி கூட இருக்கு. ஆனா வெச்சிருந்தா பையில இருந்திருக்கணும்ல? அவரு வேன்ல ஏறும்போது மேடையில பாத்து எடுத்துட்டுப் போயிருப்பாரு. இருக்கையில போட்டுட்டாரு. என்னால.”

அவள் ஜிப்பை இழுத்திருந்தாள். நானே அதைத் திறந்தேன். நன்றாக இறுக்கமாக மூடியிருந்தது.

“மறதி எல்லாருக்கும் வரும் ஜேனிஸ்,” என்றேன். “உங்களையே திட்டிக்காதீங்க.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. இதெல்லாம் எனக்குச் சிரமமான விஷயம், நான் தொட்டுப் பேசுகிற ஆள் இல்லை. இருந்தும் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த வாரம் லார்ட்டரிடம் போய், டெரி விழுந்த இடத்தில் பூ வைக்க அனுமதி கேட்டேன். “இதுக்கெல்லாம் கேக்கணுமா கிரஹாம்? எப்ப வேணா வாங்க. கருவியும் கொண்டாங்க, அவருக்கும் அது புடிக்கும்,” என்றார். பதினொரு வருஷத்து விஸ்கி செய்யாததை டெரி ஒரே காலையில் செய்துவிட்டான். அவன் உபயோகமாக இருந்த சந்தர்ப்பம் என்று நான் நினைத்துப்பார்த்தால் இது ஒன்றுதான்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. நான் கருவியில் சத்தம் கேட்டேன். தோண்டவில்லை. குச்சி நட்டு, அளவெடுத்து, மாவட்டத் தொல்லியல் ஆளுக்கு அன்றைக்கே போன் செய்தேன். அவர்கள் கூடாரம் போட்டு மூன்று வாரம் தூரிகையால் மண் ஒதுக்கினார்கள். கீழே அவள் இருந்தாள். பதினேழு, பதினெட்டு வயதுப் பெண். பல் எல்லாம் முழுதாக இருந்தது. காலடியில் ஒரு வெண்கலக் கிண்ணம். அகழாய்வுக்குப் பொறுப்பாக இருந்த சின்னப் பெண், “மேல் மண் ஏற்கெனவே கிளறின மாதிரி இருக்கே” என்று ஒருதரம் சொன்னாள். “முயல்,” என்றேன். எழுதிக்கொண்டாள்.

யோசித்துப் பாருங்கள். டெரி பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மண்வெட்டியால் அவள் மண்டையோட்டைக் குத்தியிருப்பான். கிண்ணத்தில் டீ ஊற்றி போட்டோ எடுத்திருப்பான். ஆயிரத்து முந்நூறு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு கேரவன். நான் ஒருவன் குறுக்கே இருந்ததால்தான் அவள் பிழைத்தாள்.

எங்கள் பக்கத்தில் சாவுக்கு விசாரணை செய்பவரும் புதையலுக்கு விசாரணை செய்பவரும் ஒரே அதிகாரிதான். உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெரியின் சாவுக்கு இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார், விபத்து என்று முடித்தார். பதக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டுக்கும் நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நேரத்தைச் சரியான விகிதத்தில் பங்கிட்டிருக்கிறார் என்று தோன்றியது.

இவ்வளவும் அதோடு முடிந்திருக்கும். ஜேனிஸ் அந்த போனைத் திறக்காமல் இருந்திருந்தால்.

டெரி என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறான். வடவேலிப் பக்கம் சிக்னல் கிடையாது. செய்தி போகாமல் போனுக்குள்ளேயே தங்கிவிட்டது. போன் அவன் துணிகளோடு பாலிதீன் பையில் வீட்டுக்குப் போனது. ஆறு மாதம் அவளுக்கு அதைத் தொட மனம் வரவில்லை. மார்ச்சில் ஒருநாள் சார்ஜில் போட்டாள். சமையலறையில் அவளுடைய போன் ஒலித்தது. கணவன் பெயர். ‘ஜேனி, கேரவன் கெடச்சாச்சு. டீக்குத் தண்ணி வை.’

அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். அழுதாள், சிரித்தாள், என்ன பேசுகிறாள் என்றே புரியவில்லை. “அவரு பாத்துட்டாரு கிரஹாம். பாத்துட்டுத்தான் போனாரு. கடைசி நிமிஷம் சந்தோஷமா இருந்திருக்காரு.”

நான் என்ன செய்ய முடியும்? அந்த ஞாயிறு டெரி என்னிடம் எதையும் காட்டவில்லை என்று பதக்க விசாரணையில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். பாவம், கொட்டு வாங்கிய பதற்றத்தில் கையிலிருந்து குழிக்குள் விழுந்து மண் மூடியிருக்கும், எனக்குச் சொல்லக்கூட நேரமில்லாமல் போயிற்று என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நன்றாக நம்பினார்கள். எவ்வளவு நன்றாக என்றால், அந்த அதிகாரி கோப்பைத் திறந்து, கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்து டெரியின் பெயரை எழுதினார். சட்டப்படி முதலில் எடுத்தவர்தானாம். நானும் எழுந்து நின்று, ரொம்ப நியாயம் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி வரும் பரிசுத் தொகையை ஜேனிஸ் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாள். பெயர் மட்டும் போடச் சொன்னாள். போன மாதம் மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பெண்ணின் பதக்கம். கீழே ஒரு அட்டை. ‘கண்டெடுத்தவர்: டெரி கேட்ச்போல்.’ பக்கத்தில் அவன் போட்டோ, தொப்பியும் பல்லுமாக. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து அவன் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுப் போகிறார்கள். சங்கத்தில் வருஷாவருஷம் ‘டெரி நாள்’ என்று வைத்திருக்கிறார்கள். முதல் டெரி நாளுக்குப் பேசியது யார் தெரியுமா? செயலாளர்தான் பேச வேண்டும். பேசினேன். மாமியார் நகைச்சுவையையும் சொன்னேன். சிரித்தார்கள்.

அந்த மியூசியத்துக்கு ஒன்பது தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அட்டை அங்கேயே இருந்தது.

நீங்கள் குளவிக் கூட்டைப் பற்றிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானே சொல்கிறேன். புதன்கிழமை நாடா கட்டப் போனபோதே அதைப் பார்த்துவிட்டேன். விதிப்படி சிவப்புக் கொடி ஒன்றும் நட்டேன். ஞாயிறு காலை டெரி பட்டையை மாற்ற மறுத்த பிறகு, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வேலியோரமாகப் போய் அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டேன். கொடிக்கு இரும்புக் கம்பி. கருவிக்குப் பொய்ச் சத்தம் கொடுக்கும். அந்த நேரத்தில் அது ஒரு காரணமாகத்தான் எனக்குத் தோன்றியது. கொடி என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, ஆமாம். டெரி கேட்ச்போலைக் கொன்றது நான். உங்களுக்கு அந்த வார்த்தைதான் வேண்டுமென்றால் அந்த வார்த்தையையே போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஜேனிஸ் ஜிப்பை மூடினாள், ஊசி உள்ளேதான் இருந்தது. அதை அவளிடம் சொல்வது உங்கள் பாடு. எனக்கு அந்த அழுகையெல்லாம் இன்னொரு தரம் வேண்டாம்.

என் பக்கத்து விஷயம் ஒன்றுதான். அந்த வரைபடத்தைப் படித்தவன் யார், வயலைத் திறந்தவன் யார், அவளை எங்கே தேட வேண்டும் என்று பதினொரு வருஷமாகத் தெரிந்தவன் யார் என்பது இப்போது உங்களிடம் எழுத்தில் இருக்கிறது. மியூசியம் திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய் காலை போன் செய்து அட்டையை மாற்றச் சொல்லிவிடுங்கள். அட்டிங், இரண்டு ‘டி’. ஒன்றை விட்டுவிடுவார்கள், கவனம். நான் பெயருக்கு ஆசைப்படுகிறவன் இல்லை. எழுதியிருப்பது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.